மைதானத்துக்கு அனுப்புங்கள்... கேள்வி கேட்டுவிட்டு!



கோடை விடுமுறை நெருங்கினால் போதும், எங்கள் செங்கல்பட்டில் காய்கறிக் கடையிலும் கோயில் வாசலிலும் தாய்மார்களிடம் ஒரே பேச்சுதான். "உங்க பொண்ணை கேம்ப்ல சேர்த்துட்டீங்களா?" பையன் என்றால் யாரும் கேட்பதில்லை. அவன் காலை ஆறு மணிக்கே மட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். பெண் என்றால்தான் கேள்வி. பதிலும் இழுவையாகத்தான் வரும். "பார்க்கலாம்...", "அவங்கப்பா என்ன சொல்றாரோ...", "வெயில்ல கறுத்துப் போயிடுவாளே..."

இந்த இழுவை எப்போது வந்தது தெரியுமா சகோதரிகளே? கொரோனாவுக்கு முன்னால் எங்கள் தெருவில் இவ்வளவு இல்லை. செங்கல்பட்டு தனி மாவட்டமாகி (2019 நவம்பர் 29) நாலு மாதம்கூட ஆகவில்லை, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1-ம் தேதிதான். அதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது! 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். அந்த நாட்களில் உடற்பயிற்சிகூட செல்போனில்தான். என் பெண்கள் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் ஆட, கீழ் வீட்டுக்காரர் "மேல யாராவது மாவு இடிக்கிறீங்களா?" என்று கேட்டது தனிக்கதை.

பயம் இல்லாமலா இருந்தது? 2021 மே மாதம் எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த வாரம் இந்த ஊரில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு உறங்காதவர்களில் நானும் ஒருத்தி. அதற்குப் பிறகு பிள்ளையை நாலு பேரோடு மைதானத்தில் நிற்க விட எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்? 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 மார்ச்சில் தடுப்பூசி வந்த பிறகுதான் பலருக்கு மூச்சே வந்தது.

ஆனால் நான் கவனித்தது வேறு விஷயம். நோய் பயம் போனதும் பையன்கள் எல்லாம் மைதானத்துக்குத் திரும்பினார்கள். எங்கள் தெருப் பெண்களில் பலர் திரும்பவில்லை. காரணம் கிருமி இல்லை. பத்து, பதினொரு வயதில் உள்ளே போன பெண், வெளியே வரும்போது பெரியவளாகிவிட்டாள். அதுதான் காரணம்! அந்த இரண்டு வருடம் பையனுக்கு வெறும் விடுமுறை. பெண்ணுக்கோ வாசலில் கோடு விழுந்துவிட்டது.

என் மூத்தவள் விஷயத்திலும் இதே கதைதான். வாலிபால் என்றால் அவளுக்கு உயிர். 2022-ல் "மறுபடி போறேம்மா" என்று நின்றபோது என் மாமியார், "வயசுக்கு வந்த பொண்ணு, அரை டிராயர் போட்டுக்கிட்டு ஆம்பளைங்க நடுவுல குதிக்கறதா? அடுப்படி வேலையைக் கத்துக்கச் சொல்லு" என்றார். அவர் காலத்து மனசு அப்படி. அவரிடம் நான் சண்டை போடவில்லை. "அத்தை, நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன், அப்புறம் சொல்லுங்க" என்று கிளம்பிவிட்டேன்.

முதலில் போனது ஒரு தனியார் முகாம். பளபளவென்று விளம்பரப் பலகை, வாசலில் சானிட்டைசர், நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவி, எல்லாம் உண்டு. "பெண்களுக்கு கழிப்பறை எங்கே இருக்கு?" என்றேன். பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் இல்லை. "பெண் பயிற்சியாளர் உண்டா?" என்றதற்கு, "சார் நல்லவரு மேடம், குடும்பஸ்தர்" என்று பதில்! "நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்றேன். "பேரன்ட்ஸ் நாட் அலவ்டு, பிள்ளைங்க கவனம் சிதறும்" என்றார்கள். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அடுத்த இடத்தில் சானிட்டைசர் பாட்டில் காலியாக இருந்தது. ஆனால் அங்கே இருந்த பயிற்சியாளர் அம்மா தன் செல்போன் நம்பரை எழுதித் தந்து, "வேப்ப மரத்தடியில உக்காருங்க, எத்தனை நாள் வேணா வாங்க" என்றார். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது என்று நான் தயங்குவதற்குள் அவரே சொல்லிவிட்டார். முடிந்தால் ஆடலாம், முடியாவிட்டால் உட்கார்ந்து பாயின்ட் எழுதலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்களாம். அங்கேதான் சேர்த்தேன். முதல் வாரம் மாமியாரையும் கூட்டிப் போனேன். மூன்றாம் நாளே, "அந்த நெட்டச்சி பந்தைத் தூக்கி அடிக்க மாட்டேங்கறாளே" என்று விமர்சனம் செய்ய ஆரம்பித்துவிட்டார்!

நான் பயந்தது வீண் பயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2021 மே மாதக் கடைசியில் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளரே போக்சோ சட்டத்தில் கைதானார். 2023-ல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய சாக்ஷி மாலிக் முதலான மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைக்கு நீதி கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார்ந்ததை நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். நாடறிந்த வீராங்கனைக்கே இந்தக் கதி என்றால், தகரக் கொட்டகை முகாமில் நம் வீட்டுச் சிறுமி யாரிடம் போய்ச் சொல்வாள்? அதற்காக வீட்டோடு வைத்துக்கொள்வதா? அப்படிச் செய்தால் தப்பு செய்கிறவன் மைதானத்தில் இருப்பான், நம் பெண் சமையலறையில் இருப்பாள்.

எங்கள் கடற்கரையையே பாருங்கள். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. பாலஸ்தீனத்திலிருந்து எட்டு வயதுச் சிறுமி வந்து ஆடினாள். நிறைமாத கர்ப்பிணியான ஹரிகா ஆடினார். நம் சென்னைப் பெண் வைஷாலியும் இருந்த அந்த அணி, ஒலிம்பியாடில் பெண்கள் பிரிவில் இந்தியாவுக்கு முதல் பதக்கமாக வெண்கலம் வாங்கித் தந்தது. வைஷாலி, பிரக்ஞானந்தா இருவரின் அம்மா நாகலட்சுமி, பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பதை பேப்பரில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அந்தப் பிள்ளைகளின் கவனம் என்ன சிதறியா போயிற்று?

'செஸ் ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஆடுவது, அதோடு ஒப்பிடலாமா?' என்பீர்கள். சரி, மாமல்லபுரத்துக் கமலியைச் சொல்கிறேன். மீனவக் குப்பத்துப் பெண். சின்ன வயதில் கவுனும் வெறுங்காலுமாக ஸ்கேட்டிங் பலகையில் சறுக்கியவள், பிறகு கடலில் இறங்கி அலைச்சறுக்கில் தேசியப் போட்டிகளில் வென்றாள். அவளையும் அவள் அம்மாவையும் பற்றி எடுத்த 'கமலி' என்ற குறும்படம் 2020-ல் லண்டன் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரை பெற்றது. 'பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு' என்று அந்தத் தாயிடமும் நாலு பேர் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

இதைப் படிக்கும் சிலருக்குக் கோபம்கூட வரலாம். "வேப்ப மரத்தடியில் உட்கார உனக்கு நேரம் இருக்கு. மறைமலைநகர் கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போறவ என்ன பண்ணுவா?" நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். எதிர் வீட்டு அக்கா ஷிஃப்டுக்குப் போகிறவர். அவர் முறை ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் ஆளுக்கு ஒரு நாள் போகிறோம். யார் போனாலும் எல்லாப் பிள்ளைகளையும் எண்ணிக் கூட்டி வரவேண்டும். ஒருத்தியைக்கூட "நீ இரு, சார் ஏதோ சொல்லணுமாம்" என்று தனியே விட்டு வருவதில்லை என்பது எங்களுக்குள் கண்டிப்பு. கூட வந்த பெண்கள் எல்லோருக்கும் 1098 நம்பரை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோம். வாய்ப்பாடு மறந்தாலும் அது மறக்கக்கூடாது.

கொரோனா சமயத்தில் ஒரு நல்லது நடந்தது. வாசலில் நின்று நாம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். "எத்தனை பேர் ஒரு பேட்ச்? தண்ணி பாட்டில் தனித்தனியா? யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்டால் முகம் சுளிக்கவில்லை. நோய் போனதும் பல இடங்களில் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். "கேட்டுக்கு வெளியே நில்லுங்கம்மா" என்கிறார்கள். இதைத்தான் நாம் விடக்கூடாது என்கிறேன். மாவட்டந்தோறும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. அரசு முகாமோ தனியார் முகாமோ, பெயர் கொடுப்பதற்கு முன்னால் கழிப்பறையைப் பாருங்கள். பயிற்சியாளர் பெயரைக் கேளுங்கள். சாயங்காலம் கடைசியாகக் கதவைப் பூட்டுவது யார் என்று கேளுங்கள்.

என் சின்னவளுக்குக் கடலில் இறங்கி அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆசை. கோவளம் போய் விசாரிக்க வேண்டும். உயிர்காப்பு உடை தருகிறார்களா, எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு ஆள் தண்ணீரில் நிற்கிறார் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் பிள்ளைகளை அனுப்பிய சகோதரிகள் யாராவது இருந்தால், வேறு என்ன கேட்கவேண்டும் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

– ஒரு வாசகி, செங்கல்பட்டு.