மேல்நிலை வகுப்புகளில் பயிலும் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கற்றல் துணை வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
சிறப்புத் தேவையுள்ள மேல்நிலை மாணவர்களின் பெற்றோர் சங்கம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

நகல்
அரசுத் தேர்வுகள் இயக்குநர். மாநிலத் திட்ட இயக்குநர், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி. மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர்.

பொருள்: தேர்வறையில் தரப்படும் சலுகைகளோடு நின்றுவிடாமல், பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்பறைகளிலேயே சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கற்றல் துணை கிடைக்கச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பார்வை, செவித்திறன், உடல் இயக்கம் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களும், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர்களுமான பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். பொதுத்தேர்வில் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை அரசு வழங்கிவருகிறது. அதற்கு எங்கள் நன்றி. ஆனால் இந்தத் துணை, பாடம் நடக்கும் காலம் முடிந்து தேர்வு மணி அடித்த பிறகுதான் வந்து சேர்கிறது. பாடமே எட்டாத பிள்ளை கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எதை எழுதும்?

பத்தாம் வகுப்பு வரை வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் அவ்வப்போதாவது வந்து பார்க்கிறார். பிள்ளைக்கென்று ஒரு தனிநபர் கல்வித் திட்டமும் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளிக்கு மாறும்போது கையோடு போவது டி.சி.யும் மதிப்பெண் சான்றிதழும் மட்டுமே. இவன் முன் வரிசையில் உட்கார்ந்தால்தான் உதட்டசைவைப் படிப்பான், இவளுக்கு வாசித்துக் காட்டினால் போதும், விடையைத் தானே சொல்லிவிடுவாள் என்று ஓராசிரியர் பல ஆண்டுகள் பழகி அறிந்தது எதுவும் அடுத்த பள்ளிக்குப் போவதில்லை. ஜூன் மாதத்தில் பெற்றோர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம். தனிநபர் கல்வித் திட்டம் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸில் மாணவரின் பதிவோடு சேர்க்கப்பட வேண்டும். சேர்க்கை முடிந்த சில நாட்களிலேயே வகுப்பாசிரியர், பாட ஆசிரியர்கள், சிறப்பாசிரியர், பெற்றோர் அனைவரும் ஒருமுறை கூடி அதைப் பிளஸ் ஒன் பாடங்களுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

சேர்க்கையின்போதே நடக்கும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பார்வையற்ற மாணவர் கணிதமோ அறிவியலோ கேட்டால், “அந்த குரூப் வேண்டாம்மா, கஷ்டப்படுவான்” என்று கலைப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கனிவாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த ஒரு சொல்லோடு ஒரு பிள்ளையின் பொறியியலும் மருந்தியலும் கணினி அறிவியலும் கைவிட்டுப் போகின்றன. உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு சட்டத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கத் தேவையான பாடத்தையே பள்ளி தர மறுத்தால் ஒதுக்கீட்டால் என்ன பயன்? குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பாடப்பிரிவையும் மறுக்கக் கூடாது என்று சேர்க்கை வழிகாட்டுதலில் ஒரு வரி சேர்க்கக் கோருகிறோம். மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

சிறப்பாசிரியர் பணியிடங்கள்தான் எங்கள் முதன்மையான கோரிக்கை. தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவை மாணவருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சுட்டிக்காட்டியது. இன்று பல பள்ளிகளை ஒருவரே சுற்றிவருகிறார், அதுவும் தொகுப்பூதியத்தில். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. எங்கள் பிள்ளைகளை அவரளவுக்கு அறிந்தவர்கள் அரிது. ஆனால் பிளஸ் டூ இயற்பியலையும் கணக்குப்பதிவியலையும் அவர் ஒருவரே கற்பிக்க முடியாது. முதுகலை ஆசிரியருக்குப் பாடம் தெரியும், சிறப்பாசிரியருக்குப் பிள்ளையைத் தெரியும். இருவரும் வாரம் ஒரு பாடவேளையாவது சேர்ந்து உட்கார கால அட்டவணையிலேயே இடம் வேண்டும். பணியிடங்களைக் காலமுறை ஊதியத்தில் நிரப்புங்கள். முதுகலை ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியை முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் துணையுடன் நடத்தலாம். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசும் ஆசிரியரின் முதுகைத்தான் செவித்திறன் குறைந்த மாணவர் பார்க்கிறார். எழுதி முடித்துத் திரும்பி நின்று பேச வேண்டும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னாலே பாதி மாறிவிடும். மீதிப் பாதிக்கு இந்திய சைகை மொழி அறிந்தவர் தேவை. மாவட்டத்துக்குச் சிலரையாவது நியமிக்க வேண்டுகிறோம்.

பாடநூல்களைப் பற்றி ஒன்று. இணையத்தில் உள்ள பி.டி.எஃப். கோப்புகளில் பலவற்றைத் திரைவாசிப்பான் படிக்கும்போது தமிழ் எழுத்துகள் சிதைந்து ஒலிக்கின்றன. ஒருங்குறியில் அமைந்த கோப்பும், படங்களுக்கும் வரைபடங்களுக்கும் சொல் விளக்கமும், பிரெயில் பிரதியும் பள்ளி திறக்கும் நாளிலேயே கிடைக்க வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்தபின் வந்து பயனில்லை.

சொல்வதை எழுதுபவர் விஷயத்தில் எங்கள் பிள்ளைகள் படும் பாடு நேரில் பார்த்தவர்களுக்கே தெரியும். தேர்வன்று காலைதான் இருவரும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். கணிதத் தேர்வில் ஒரு தொகையீட்டை மாணவர் வாயால் சொல்ல வேண்டும்: கீழ் எல்லை பூச்சியம், மேல் எல்லை பை பை இரண்டு, அடைப்புக்குறிக்குள் சைன் எக்ஸ், அடைப்புக்குறி முடிந்தது, அதன் வர்க்கம். எழுதுபவருக்கு அந்தக் குறியீடே பழக்கமில்லை என்றால் “வர்க்கம் எதுக்கு, எக்ஸுக்கா, மொத்தத்துக்கா?” என்று ஒவ்வொரு வரியிலும் கேட்கிறார். கூடுதல் ஒரு மணி நேரம் இப்படியே கரைகிறது. குறியீடுகளை அறிந்த எழுதுபவர்களின் பட்டியல் ஒன்றை மாவட்டந்தோறும் வைத்து, அரையாண்டுத் தேர்விலும் திருப்புதல் தேர்விலும் அதே இணை சேர்ந்து எழுத வழி செய்யுங்கள். தானே கணினியில் தட்டச்சு செய்து எழுத விரும்பும் மாணவருக்கு அதையும் அனுமதியுங்கள். படம் வரையும் வினாக்களுக்கு ஈடான மாற்று வினா வினாத்தாளிலேயே அச்சிடப்பட வேண்டும்.

குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்பதால் சலுகை இல்லை என்று சில இடங்களில் விண்ணப்பத்தைத் திருப்பிவிடுகிறார்கள். எழுதுபவர் உதவி 40 சதவீதத்தோடு கட்டுப்பட்டதல்ல என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் குறைபாடு உள்ளவர் தொடுத்த வழக்கு அது. இதைத் தலைமையாசிரியர் அனைவருக்கும் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டுகிறோம்.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் தனித் துன்பம். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி 14 வயதிலும் 18 வயதிலும் மறுசான்று பெற வேண்டும். இரண்டாவது மறுசான்று பிளஸ் டூ தேர்வையும் கல்லூரி விண்ணப்பத்தையும் ஒட்டி வருகிறது. பரிசோதிக்கும் உளவியலாளர்கள் நகரங்களில்தான் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் தாய், இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு திரும்புகிறார். பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் முகாம் நடத்தி, பள்ளி மூலமாகவே முன்பதிவு செய்யலாம்.

வயது வரம்பையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இலவசக் கல்வியையும் கற்றல் கருவிகளையும் 18 வயது வரை உறுதி செய்கிறது. அறுவை சிகிச்சைக்காக ஓராண்டு, தாமதமாகப் பள்ளியில் சேர்ந்ததால் ஓராண்டு என இழந்த பிள்ளைக்குப் பிளஸ் டூ வரும்போது வயது 19 ஆகிவிடுகிறது. பிறந்த தேதியைப் பார்க்காமல், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் வரை இந்த உதவிகள் தொடரும் என்று மாநில அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும்.

ஆய்வகம் மாடியில் இருக்கும் பள்ளிகளில் சக்கர நாற்காலி மாணவருக்காகச் செய்முறை வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டும். சாய்தளமும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறையும் தேர்வு மையங்களிலும் இருக்கின்றனவா என்று மையம் ஒதுக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கான விண்ணப்பங்கள் பெறப்படும் முன்பாக, நகலில் குறிப்பிட்ட மூன்று துறை அலுவலர்களும் எங்கள் சங்கப் பிரதிநிதிகளும் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் சிலரும் பங்கேற்கும் கூட்டம் ஒன்றைத் தங்கள் தலைமையில் நடத்தி, அதற்கான நாளை எழுத்து வழி தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்