மலையைக் காட்டுகிறவர்கள் நகரத்தையும் காட்டட்டும்

ஒரே பகற்பொழுதில் மலையையும் நகரத்தையும் சுற்றிக் காட்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் விடுதி வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுகிற வழிகாட்டிப் பிரயாணங்களை ஏளனமாகப் பேசுவது சமீப காலத்தில் ஒரு நாகரிகமாகிவிட்டது. அந்த ஏளனத்தில் எனக்குப் பங்கில்லை. கைவசமிருக்கும் லீவு சொற்பமாகவும், சேமித்த பணம் அளவாகவும், அயல்தேசம் பார்க்கும் பாக்கியம் ஆயுளில் ஒரு முறைதான் என்ற நிலையும் உள்ள குடும்பஸ்தர்களுக்கு, ஊர் நடப்பு அறிந்த ஒருவர் உடன்வந்து வண்டி, டிக்கெட், சாப்பாடு ஆகிய கவலைகளையெல்லாம் தாமே ஏற்றுக்கொள்வதைக் காட்டிலும் உசிதமான ஏற்பாடு வேறு இருக்க முடியாது. ஆகவே ஒரு நாள் போதுமா என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். அந்த ஒரு நாளை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு உண்டு. அதற்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரைப் போல் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அங்கே மலை ஊருக்கு வெளியே இல்லை. துறைமுகத்தருகே நின்று ஏறிட்டுப் பார்த்தால், வீதிகள் முடிகிற இடத்தில் செங்குத்தாக எழுந்து, உச்சியைச் சீவிச் சமன் செய்ததுபோல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டையாகப் படர்ந்து நிற்கிறது மேஜை மலை. அதன் உயரம் 1,086 மீட்டர். நம் தொட்டபெட்டாவின் உயரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் சமுத்திரக் கரையிலிருந்து நேரே எழும்புவதால் உண்டாகிற பிரமிப்பு, உயரக் கணக்குக்கு அடங்குவதன்று. 1929-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கம்பிவடப் பாதை இன்றும் ஜனங்களை மேலே ஏற்றிச் செல்கிறது. 1997-இல் புதுப்பித்தபோது அறுபத்தைந்து பேர் நிற்கக்கூடிய வட்ட வடிவப் பெட்டிகளை வைத்தார்கள். சுமார் ஐந்து நிமிஷ ஏற்றத்துக்குள் பெட்டியின் தரையே ஒரு சுற்றுச் சுழன்றுவிடுவதால், இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் பாறை என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஜன்னலுக்கு முண்டியடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படுவதில்லை. நம் ஊர்ப் பேருந்துகளை நினைத்துக்கொண்டு இந்த ஏற்பாட்டை மெச்சாமல் இருக்க முடியாது.

மலையை முதலில் வைத்து நகரத்தைப் பிற்பகலுக்குத் தள்ளுகிற சம்பிரதாயத்துக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டுக் குறை சொல்வது தர்மமல்ல. கோடை மாதங்களில் தென்கிழக்கிலிருந்து பலமான காற்று வீசும். கடல் ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து, உச்சிமுழுவதும் வெண்மேகமாகத் திரண்டு, நகரத்தின் பக்கம் விளிம்பு தாண்டி வழிந்து, கீழிறங்க இறங்க வெப்பமடைந்து மாயமாய் மறைந்துவிடும். மேஜைக்கு விரித்த துணி என்று அதை அவ்வூரார் சொல்லுவார்கள். ஃபான் ஹங்க்ஸ் என்ற கிழட்டுக் கடற்கொள்ளைக்காரன் சாத்தானோடு பந்தயம் போட்டுச் சுங்கான் பிடித்ததால் எழுந்த புகை அது என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை எப்படியாயினும், காற்று அளவு கடந்தால் கம்பிவடப் பெட்டிகளை நிறுத்திவிடுவார்கள் என்பது மெய். எனவே காலையில் வானம் தெளிந்திருக்கக் கண்ட வழிகாட்டி, முதற்காரியமாகக் குழுவை மலைக்கு அழைத்துச் செல்வது அவருடைய அனுபவத்துக்கு அடையாளமேயன்றிச் சோம்பலுக்கு அடையாளமல்ல.

மேலே போய்ச் சேர்ந்தபின் நடப்பதுதான் எனக்குச் சம்மதமாயில்லை. மேற்கு விளிம்பில் அட்லாண்டிக் சமுத்திரமும் காம்ப்ஸ் பே கடற்கரையும், வடக்கே துறைமுகம், அதற்கப்பால் நீரில் மிதக்கும் தட்டையான ராபன் தீவு. மண்டேலா சிறையிருந்த இருபத்தேழு ஆண்டுகளில் பதினெட்டு ஆண்டுகள் அங்கேதான் கழிந்தன என்று வழிகாட்டி ஒரு வாக்கியம் சொல்லுவார். எல்லோரும் கைபேசியை நீட்டிப் படம் எடுப்பார்கள். பாறை இடுக்கிலிருந்து முயலளவில் கொழுத்த 'டாசி' என்னும் பிராணி எட்டிப்பார்க்கும். அது யானைக்குத் தூரத்து உறவு என்று கேட்டதும் குழந்தைகளின் உற்சாகம் கரைபுரளும். அந்தக் குடாநாட்டில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உண்டென்பதையும், அவற்றுள் பல பூமியில் வேறெங்கும் முளைப்பதில்லை என்பதையும் சில வழிகாட்டிகள் சொல்லுவார்கள், பலர் விட்டுவிடுவார்கள். இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் வடக்கு விளிம்பில் நின்று சற்றே வலப்புறமாகப் பார்வையைத் திருப்பினால், டெவில்ஸ் பீக் என்னும் பக்கத்துச் சிகரத்தின் அடிவாரத்தில், நெருக்கமான நகரத்தின் நடுவே காரணமில்லாமல் விட்டுவைத்ததுபோல் தோன்றும் புல் முளைத்த வெற்றுமனைகள் தென்படும். அந்தப் பக்கம் விரல் நீட்டுகிற வழிகாட்டி அபூர்வம்.

அந்த வெற்றிடத்துக்கு டிஸ்டிரிக்ட் சிக்ஸ் என்று பெயர். 1867-ஆம் ஆண்டில் நகரத்தின் ஆறாவது வட்டாரமாக வகுக்கப்பட்ட அப்பகுதியில், விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியார், கைத்தொழிலாளர், வியாபாரிகள், துறைமுகக் கூலிகள், பல தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆகிய யாவரும் கலந்து வாழ்ந்தார்கள். இன்ன நிறத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1950-இல் வெள்ளையர் சர்க்கார் இயற்றிய சட்டத்தின் கீழ், 1966-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி அவ்வட்டாரம் வெள்ளையருக்கு மாத்திரம் உரியதென்று பிரகடனம் செய்யப்பட்டது. அதன்பின் 60,000-க்கும் மேற்பட்ட ஜனங்கள் கொஞ்சங்கொஞ்சமாக அப்புறப்படுத்தப்பட்டு, பல மைல் தொலைவில் மணற்பாங்கான கேப் பிளாட்ஸ் சமவெளியில் கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய வீடுகள் புல்டோசர்களால் தரைமட்டமாயின. கோயில்களை இடிக்கக் கை கூசிற்றோ என்னவோ, மாதாகோயில்களையும் மசூதிகளையும் மட்டும் விட்டுவைத்தார்கள். வெள்ளையர் அங்கே குடிவர முன்வராததாலும், எதிர்ப்பு ஓயாததாலும், மனைகளில் பெரும்பகுதி அப்படியே வெறிச்சோடிக் கிடந்தது. நிறவேற்றுமை ஆட்சி ஒழிந்து பல்லாண்டுகள் ஆகியும் திரும்பிவந்து குடியேறியவர்கள் சொற்பமே.

மலையும் நகரமும் இரு வேறு சரக்குகள் அல்ல என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே ஆதாரம். மலையடிவாரத்துக் குடியிருப்பு என்பது அவ்வூரில் காட்சியின்பம் மட்டுமன்று. துறைமுகத்துக்கும் சந்தைக்கும் காலால் நடந்து போகக்கூடிய தூரம், தண்ணீர், நிழல், சொத்தின் விலை ஆகிய யாவும் அதனோடு பிணைந்திருந்தன. யார் அந்தச் சரிவில் வாழலாம், யார் மணற்காட்டிலிருந்து தொலைதூரத்து நீல நிழலாக மாத்திரம் அம்மலையைக் காணலாம் என்பதைச் சட்டப்புத்தகம் தீர்மானித்தது. உச்சியில் நின்று நாம் அனுபவிக்கிற அந்தப் பரந்த காட்சிக்குள் இந்தப் பங்கீடு பிரத்தியட்சமாக எழுதிக் கிடக்கும்போது, பிரயாணியின் கண்ணை அதன்மேல் படாமல் மேற்குக் கடலின் பக்கமே திருப்பிவைப்பது, அறியாமையால் நேர்ந்தாலும் சரி, சாமர்த்தியத்தால் நேர்ந்தாலும் சரி, கட்டணம் கொடுத்தவருக்கு இழைக்கிற வஞ்சனையே.

கீழே இறங்கிய பிறகோ நகரத்துக்குக் கிடைப்பது மிச்சமிருக்கிற நேரம். வண்டி ஓட ஓட ஜன்னல் வழியாகக் கோட்டை வரும், போகும். பூங்கா வரும், போகும். 1666-இல் தொடங்கி 1679-இல் முடிந்த ஐங்கோணக் கோட்டையின் வாசலில் பத்து நிமிஷம் நிறுத்துவார்கள். கோட்டைகள் எங்கும் ஒன்றுபோலவே இருப்பதால் அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கீழைத்தேசம் செல்லும் கப்பல்களுக்குக் காய்கறி பயிரிட்டுக் கொடுப்பதற்காக டச்சுக் கம்பெனி 1652-இல் போட்ட தோட்டம் இன்று நகரத்தின் நடுவே நிழல் மிகுந்த பூங்காவாக இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் நிற்கிற ஸ்லேவ் லாட்ஜ் என்னும் கட்டடத்தைத்தான் முக்கியமாக நம்மவர்கள் பார்க்கவேண்டும். 1679-இல் கம்பெனியின் அடிமைகளை அடைத்து வைப்பதற்காக எழுப்பப்பட்டு, பின்னர் நீதிமன்றமாகவும் மாறி, இப்போது பொருட்காட்சி சாலையாக இருக்கிறது அது.

'நம்மவர்கள்' என்று சொல்லக் காரணமுண்டு. 1652-க்கும் 1808-க்கும் இடையே கேப் பிரதேசத்துக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்றும், அவர்களில் நாலில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றும் சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வங்காளம், மலையாளக் கரை ஆகியவற்றோடு நமது சோழமண்டலக் கரையும் அந்தக் கொடிய வர்த்தகத்துக்கு ஆட்களைக் கொடுத்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டிக்கொண்டிருந்த அதே டச்சுக் கம்பெனிதான் கேப் டவுனையும் ஸ்தாபித்தது. பெற்றோர் இட்ட பெயர் பறிக்கப்பட்டு, 'ஃபான் பெங்கால்', 'ஃபான் மலபார்', 'ஃபான் கோரமண்டல்' என்று ஏற்றுமதியான கரையின் பெயரையே விலாசமாகச் சுமந்தவர்களும், செப்டம்பர், பிப்ரவரி என்று மாதங்களின் பெயரால் அழைக்கப்பட்டவர்களும் பழைய ஆவணங்களில் நிறைந்திருக்கிறார்கள். மாதப் பெயர்களைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் இன்றும் அந்நகரில் உண்டு. ஸ்லேவ் லாட்ஜுக்கு அருகிலுள்ள சர்ச் ஸ்கொயரில் 2008-இல் நிறுவிய பதினொரு கருங்கல் மேடைகளில் அடிமைகளின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். உட்காருவதற்கு வசதியான உயரமாதலால் நடந்து களைத்த பிரயாணிகள் அவற்றின்மேல் அமர்ந்து தண்ணீர் குடிப்பதுண்டு. சொல்வாரில்லாதபோது அவர்களைக் கோபித்துப் பயனில்லை.

சிக்னல் ஹில் என்னும் குன்றின் சரிவில் பலவர்ணம் தீட்டிய வீடுகளோடு விளங்கும் போ-காப் பகுதியை எந்த வழிகாட்டியும் விடுவதில்லை, ஏனென்றால் படத்துக்கு அழகு. அடிமைகளாகவும் அரசியல் கைதிகளாகவும் வந்த முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். 1794-இல் தோன்றிய அவ்வல் மசூதி அங்கே இருக்கிறது. குடித்தனக்காரர்களின் திண்ணைப்படியில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் அநாகரிகத்தில் நம் நாட்டுக் குழுக்களும் பின்தங்கவில்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது. பகல் சாப்பாட்டுக்கு வட இந்திய ஓட்டலைத் தேடிக்கொண்டு ஊரைச் சுற்றுவதைவிட, அந்தத் தெருக்களிலேயே கிடைக்கிற ரொட்டியையும் மசாலாக் குழம்பையும் சமோசாவையும் ருசி பார்த்தால், கடல் கடந்த நமது சமையல் மூன்று நூற்றாண்டுகளில் என்ன ரூபம் எடுத்திருக்கிறதென்பது நாக்குக்கே விளங்கும்.

விடுமுறைக்கு வந்தவர்களைத் துக்க சமாசாரங்களைக் கேட்டுக் கண்கலங்கச் செய்வானேன் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவர்கள் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் பொருட்காட்சி சாலைக்குள் நுழைந்தறியாதவர்கள் என்பது என் அனுமானம். 1994-இல் ஒரு பழைய மெதடிஸ்டு மாதாகோயிலில் திறக்கப்பட்ட அந்தச் சாலையின் தரை முழுவதும் பழைய வட்டாரத்தின் தெருப்படம் விரிந்திருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் குனிந்து தங்கள் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கைப்பட எழுதிய பெயர்கள் அதன்மேல் இருக்கின்றன. பிடுங்கி எறியப்படாமல் தப்பிய தெருப் பெயர்ப் பலகைகள் மேலேயிருந்து தொங்குகின்றன. நாவிதர் கடை, சினிமாக் கொட்டகை, வாத்திய கோஷ்டிகள், சில்லறைக் கடன் கணக்கு என்று அங்கே பேசப்படுகிற விஷயங்களில் சிரிப்புக்குக் குறைவில்லை. அங்கிருந்து சற்று நடந்தால் நகர மண்டபம். டிஸ்டிரிக்ட் சிக்ஸைப் பறித்த பிரகடனத்துக்குச் சரியாக இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, அதே பிப்ரவரி 11-ஆம் தேதி, சிறையிலிருந்து வெளிவந்த மண்டேலா அந்த மண்டபத்தின் மாடத்தில் நின்றுதான் ஜனசமுத்திரத்தின் முன் பேசினார். இந்த இரண்டு இடங்களுக்குமாகச் சேர்ந்து இரண்டு மணி நேரம் போதும்.

அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும் என்றால், துறைமுகக் கடைவீதியிலிருந்து வரவேண்டும். எழுதிக் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் மலைக்கு அடுத்தபடியாக அதிக நேரம் ஒதுக்கப்படுவது பெரும்பாலும் அதற்குத்தான். வைரமும் தோல்பையும் விற்கிற இடத்தில் குழுவை நெடுநேரம் நிறுத்திவைப்பதன் ரகசியத்தைப் பிரயாணம் போய்வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வழிகாட்டிகளைமட்டும் நோவதிலும் நியாயமில்லை. தென்னாப்பிரிக்காவில் பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்டவர்களே வழிகாட்டியாகத் தொழில் நடத்தலாம் என்பது சட்டம்; அவர்களில் பலருக்கு இந்தச் சரித்திரமெல்லாம் பாடம்; சிலருடைய பெற்றோர் அந்தச் சமவெளிக்குத் துரத்தப்பட்டவர்கள். கேட்பவர் இருந்தால் அவர்கள் சொல்லத் தயங்குவதில்லை. கேட்கவேண்டியவர்கள் இங்கே சென்னையிலும் மதுரையிலும் முன்பணம் கட்டுகிறவர்கள். பொருட்காட்சி சாலைக்கு உள்ளே போகும் நேரமும் கட்டணமும் நிரலில் சேர்ந்திருக்கிறதா, காற்றினால் கம்பிவடம் நின்றால் மறுநாள் காலைக்கு மாற்றித் தருவார்களா, மாற்றமுடியாதபோது அந்த நேரம் நகரத்துக்குப் போகுமா அல்லது கடைக்குப் போகுமா என்பவற்றை விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. துறைமுகக் கடைகள் இரவு ஒன்பது மணி வரையில் திறந்திருக்கின்றன. தோல்பை வேண்டுகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில், வழிகாட்டி இல்லாமலே, வாங்கிக்கொள்ளலாம்.