அடுத்த முறை

பாரிஸில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை செய்கிறேன். இரவு ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுக் கொம்பியூட்டரைப் போட்டால் சிவிலைசேஷன் 6 தான். கூட வேலை செய்கிற பெடியன் நக்கலடிப்பான்.

"அண்ணை, உது கிழடுகளின்ர விளையாட்டு. நீங்கள் நகர்த்திப்போட்டு அவன் நகர்த்துமட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

ஓம். விசயமே அதுதான்.

வரைபடம் அறுகோணக் கட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு படையும் ஒரு முறைக்கு இத்தனை கட்டம்தான் போகலாம். காடு, மேடு என்றால் அதிலும் குறையும். எல்லாவற்றையும் நகர்த்தி, ஊர்களில் என்ன கட்டுவது என்று சொல்லி, 'அடுத்த முறை' என்று நான் அழுத்தும்வரை எதிரி அசையமாட்டான். சதுரங்கம் மாதிரித்தான். ஆனால் சதுரங்கத்தில் பலகை முழுக்கத் தெரியும். இங்கே நம் ஆட்கள் போய்ப் பார்க்காத இடம் மூடிக் கிடக்கும்.

சிட் மெயரின் முதல் சிவிலைசேஷன் 1991இல் வந்தது. அடுத்த வருடமே டியூன் 2. அதன் வழியில் கொமாண்ட் அண்ட் கொங்கர், ஸ்டார்கிராஃப்ட் என்று நிற்காமல் ஓடும் போர் விளையாட்டுகள் சனத்தை இழுத்தன. அவற்றில் கைவேகமும் வேண்டும். ஆனாலும் முறை வைத்து ஆடுவது அழியவில்லை. 2012இல் எக்ஸ்கொம் திரும்பி வந்தது. 2023இல் கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தெரிவான பால்டர்ஸ் கேட் 3 வேறு வகைதான், ஆனால் அதிலும் சண்டை முறை வைத்துத்தான்.

குசினியில் ஓடருக்கு மேல் ஓடர். யோசிக்க நேரமில்லை. 2006இல் கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டு வெளிக்கிட்டபோதும் யோசிக்க ஒருவரும் நேரம் தரவில்லை. இந்த விளையாட்டு தருகிறது. தோற்றால் கை பிந்தியது என்று சாட்டுச் சொல்ல முடியாது. பிழை என்னுடையது.

ஒரு குறையும் சொல்லவேண்டும். பிடித்த ஊரை வைத்திருக்கலாம். தலைநகராக இல்லாவிட்டால் ஒரே அழுத்தில் வரைபடத்திலிருந்தே அழிக்கலாம். அங்கிருந்த சனம் எங்கே போனது என்று விளையாட்டுச் சொல்வதில்லை. ஒரு எண் இல்லாமல் போகும், அவ்வளவுதான். யோசிக்க நேரம் இருப்பதால்தான் அந்த இடத்தில் என் கை நிற்கிறது. ஓடுகிற விளையாட்டென்றால் நானும் அழுத்திவிட்டுப் போயிருப்பேன்.

பெடியனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அண்ணை, வெங்காயத்தை வெட்டுங்கோ, ஆக்கள் வந்திட்டினம்" என்றான்.