பழுதும் பாணியும்

நூல் ஒன்று எழுதி முடிந்தவுடன் அது நூலாகிவிடுவதில்லை. அவையேறி, சான்றோர் வினாக்களுக்கு விடையிறுத்த பின்னரே அது நூலெனப் போற்றப்பெற்றது. தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பதைப் பாயிரத்தின் வழி அறிகிறோம். இம்மரபு மறைந்துவிட்டதே என்று வருந்துவோர் பலர். அது மறையவில்லை, கணிப்பொறித் திரைக்குள் இடம் பெயர்ந்திருக்கிறது என்பதே என் கருத்து.

கணினி விளையாட்டுகளில் நாம் காணும் மரம், வீடு, படகு, ஆடை ஆகிய ஒவ்வொன்றும் ஓவியர் ஒருவர் முப்பரிமாணத்தில் வனைந்த உருவமே ஆகும். ‘அசெட்’ என்று அத்துறையினர் வழங்கும் இவற்றை விற்பதற்கென்றே இணைய அங்காடிகள் உள்ளன. எவரும் தம் படைப்பை அனுப்பலாம். ஆயினும், தர ஆய்வாளர் ஏற்ற பின்னரே அது கடையேறும். இங்கேதான் கலைஞனின் உரிமைக்கும் ஆய்வாளனின் கடமைக்கும் வழக்கு எழுகிறது.

எங்கள் தேங்காய்த்திட்டில், என் அண்டை வீட்டு மாணவர் ஒருவர் பல வாரங்கள் உழைத்துக் கட்டுமரம் ஒன்றை வனைந்தார். புதுவைக் கடற்கரையில் நார்க்கண்ணாடிப் படகுகள் பெருகிக் கட்டுமரங்கள் அருகிவரும் காலம் இது. அழிவதற்குமுன் அதன் உருவையேனும் காக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வெளிநாட்டு அங்காடி ஒன்றுக்கு அதனை அனுப்பினார். நான்கு குறைகளைச் சுட்டி அது திரும்பி வந்தது. “ஐயா, என் கலையை இவர்கள் எப்படித் திருத்தலாம்?” என்று கொதித்தார். நானோ அந்நான்கையும் தனித்தனியே படிக்குமாறு கூறினேன்.

முதற்குறை: அடிப்பக்க மரங்களுக்குரிய மேற்பரப்புப் படங்கள் இணைக்கப்படவில்லை. இரண்டாவது: கயிற்றின் ஒவ்வொரு புரியும் தனித்தனியே வனையப்பட்டுப் பல்லாயிரம் முகங்கள் பெருகிவிட்டன. நொடிக்கு முப்பது முறையோ அறுபது முறையோ திரையில் வரையப்பட வேண்டிய உருவுக்கு அது தாங்கொணாச் சுமை. மூன்றாவது: அளவு. யூனிட்டி என்னும் மென்பொருளில் ஓர் அலகு என்பது ஒரு மீட்டர். அன்ரியல் என்பதிலோ ஒரு சென்டிமீட்டர். இவ்வேறுபாட்டை நோக்காமையால் கட்டுமரம் கப்பலினும் பெரிதாய் நின்றது.

பவணந்தியார் நன்னூலில் வகுத்த பத்துக் குற்றங்களை நம் மாணவர் அறிவர். படத்தை இணைக்காமல் விட்டது குன்றக்கூறல் அன்றோ? கயிற்றைப் புரி புரியாய்ப் பெருக்கியது மிகைபடக்கூறல் அன்றோ? இக்குற்றங்களை நீக்குவதால் கலைஞனின் உரிமை எள்ளளவும் குறையாது. நன்னூலார் குற்றங்களை முன்கூட்டியே எண்ணி அறிவித்தார் என்பதும் கருதத்தக்கது. எதைப் பற்றி எழுதலாகாது என்று அப்பட்டியல் கூறவில்லை. எழுதியது பழுதின்றி இருக்க வேண்டும் என்றே கூறுகிறது.

நான்காம் குறையோ வேறு வகையினது. “பெயருக்கும் உருவுக்கும் பொருத்தமில்லை, இரட்டை உடல் காணப்படவில்லை” என்பது அது. கட்டப்பட்ட மரம் என்னும் நம் சொல்லே ஆங்கிலத்திற்குச் சென்று, அங்கே இரட்டை உடற்படகைக் குறிக்கலாயிற்று. சொல்லைக் கடன் பெற்றவர், சொல்லுக்குரிய பொருளையே பிழையென்கிறார்! இது பழுது அன்று, பாணி. இங்கே பணிந்து போவது கலைக்கும் உண்மைக்கும் இழைக்கும் தீங்கு.

அவ்வாறாயின் ஆய்வே வேண்டாமெனலாமோ? அமெரிக்காவில் தரமற்ற விளையாட்டுகள் பெருகி, 1983-இல் அவ்வணிகமே சரிந்தது. விற்காத பேழைகளை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோவில் புதைத்தது; 2014-இல் அவற்றுட் சில தோண்டி எடுக்கப்பட்டன. அதன் பின்னரே நிண்டெண்டோ நிறுவனம் தர முத்திரையோடு வந்து வாங்குவோர் நம்பிக்கையை மீட்டது. ஆனால் தரத்திற்கென அமைந்த வாயிலில் விருப்பு வெறுப்பும் காவலுக்கு நின்றது. 1993-இல் ‘மார்ட்டல் காம்பாட்’ விளையாட்டில் குருதியை நீக்கி வியர்வையாக்கச் செய்தது அந்நிறுவனம். மறு ஆண்டே அதன் இரண்டாம் பகுதியைக் குருதியோடு வெளியிட இசைந்தது. அதே 1994-இல், எவ்வகை விளையாட்டு எவ்வயதினர்க்கு ஏற்றது என்று அறிவிக்கும் தர வரிசை அமைப்பும் தோன்றியது. அழிப்பதினும் அறிவிப்பது நன்று என்பது இதனாற் புலப்படும்.

ஆய்வாளர் புறத்தோற்றத்தில் மயங்கும் இடர்ப்பாடு புதியதன்று. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுதற்குரிய செய்திகளை வேண்டிச் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை அணுகியபோது, புலவரின் உடைக்கோலம் கண்டு அவர் முதலில் இசையவில்லை என்றும், பின்னர் அப்பெருந்தகையே பரங்கிப்பேட்டைக்கு வழிகாட்டினார் என்றும் வரலாறு வழங்குகிறது. மறுத்தவரே மனமிசைந்தமையால் அன்றோ ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாக்கள் தமிழுக்குக் கிடைத்தன! முதல் தீர்ப்பை மறுபடி எண்ணிப் பார்க்கும் பெருமனம் ஆய்வாளர்க்கு அணி. மறுப்புக் கண்டு சோராமை படைப்பாளர்க்கு அணி.

டொராண்டோ நகரில் உருவாகி 2023-இல் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையைக் களமாகக் கொண்டது. தமிழ்ப் பெயரை மாற்றாமலே அது உலக அரங்கில் ஏறி, 2024-இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதை முதற்படைப்புக்கான பிரிவில் பெற்றது. தளை தட்டினால் வெண்பா ஆகாது. ஆயினும் வெண்பாவில் எதைப் பாடுவது என்பது புலவன் உரிமை. நம் மரபு இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது.

அண்டை வீட்டு மாணவர் முதல் மூன்று குறைகளையும் களைந்தார். நான்காவதற்குக் கட்டுமரத்தின் ஒளிப்படங்களையும் சொல்லின் வரலாற்றையும் இணைத்து மறுமொழி விடுத்தார். விடை இன்னும் வரவில்லை. எவ்விடை வரினும் அவர் தோற்றவர் அல்லர். பழுதைத் திருத்தவும் பாணியைக் காக்கவும் கற்றுக்கொண்டார்.

மாணவச் செல்வங்களே! குறை கூறுவோரை வெறுக்காதீர். குறை எதுவென்று முதலில் ஆராய்க. ஆசிரியப் பெருமக்களே! மாணவர் படைப்பில் சிவப்பு மை தீட்டுமுன், திருத்துவது பிழையையா, நம் விருப்புக்கு மாறானதையா என்று நம்மையே வினவுவோம். சமுதாயப் பெரியோர்களே! இளைஞர் கையிலுள்ள கணினியை வீண் விளையாட்டென்று தள்ளிவிடாதீர். நாளை நம் பிள்ளைகளின் பிள்ளைகள் கட்டுமரத்தைக் காண்பது அத்திரையில் மட்டுமே என்றாகலாம். அது பிழையற்ற உருவாகவும் நம் உருவாகவும் இருத்தல் வேண்டும்.