காட்டுவழிக்கு மழையங்கியும் ஊன்றுகோலும்

சென்ற மாதம் சங்கத்துக்கு வந்திருந்த அன்பர் ஒருவர், சென்னையில் பயிலும் தம் மகன் விடுமுறையில் ரங்கத்துக்கு வந்து மான் வேட்டைக்குப் போக ஆசைப்படுவதாகவும், அதற்கு இலேசான மழையங்கியும் நடைக்கோலும் எவ்வகையில் வாங்கலாம் என்றும் நம்மைக் கேட்டார். அங்கியையும் கோலையும் பற்றிச் சொல்லத் தடையில்லை. வேட்டையைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இத்தீவுகளுக்கும் உரியது. இங்குள்ள புள்ளிமான், வெள்ளையர் காலத்தில் கப்பலேறி வந்த விருந்தாளி. புலியில்லாத காட்டில் அது பெருகிவிட்டது என்பதும் மெய்யே. ஆயினும் அனுமதியின்றிச் சுடுவதும் கண்ணி வைப்பதும் குற்றமாம். நடு அந்தமானின் மேற்குக் கரையோரமாகக் கிடக்கும் ஜாரவாக்களின் ஒதுக்குக் காடோ, 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி பிறர் காலடி வைக்கத் தகாதது. அங்கே பன்றி பிடிக்கப் போகிறவன் இன்னொரு குடும்பத்தின் அடுப்பிலிருந்து சோற்றை எடுக்கிறான். நாமும் பிழைப்புத் தேடி இங்கு வந்தவர்கள் அல்லவா?

ஆகவே தம்பி துப்பாக்கியின்றி நடக்கட்டும். திக்லிப்பூருக்கு அப்பால் காளிப்பூரிலிருந்து சாடில் சிகரம் ஏறலாம். உயரம் ஏறக்குறைய 730 மீட்டர். இத்தீவுக் கூட்டத்தில் அதனினும் உயர்ந்த இடம் இல்லை. வனத்துறையின் அனுமதிச் சீட்டு மட்டும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இனி மழையங்கி. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் நம்முடையது. "மூச்சுவிடும் துணி" என்று விலையேற்றி விற்கப்படும் அங்கிகள், உடலை ஒட்டிய காற்றைவிட வெளிக்காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும்போதுதான் வியர்வையாவியை நன்கு வெளியே விடும். நம் புழுக்கத்தில் அவை வாய்மூடிக் கொள்கின்றன. நாமே அத்தகையது ஒன்றை வாங்கி, மழையால் நனைந்தோமா வியர்வையால் நனைந்தோமா என்று அறியாமல் வீடு திரும்பினோம்! இங்கு நல்லது, பக்கங்கள் திறந்த நைலான் போன்சோவே. கால் கிலோவுக்குச் சற்று மேலிருக்கும். முதுகுப் பையையும் சேர்த்து மூடும். பிரம்புப் புதரில் கிழியும் என்பது அதன் குறை; முள் நிறைந்த பாதையாயின் சற்றுத் தடித்த துணியாக வாங்குக. வாங்கியவுடன் உடுத்திக்கொண்டு கிணற்றடியில் நின்று இரண்டு குடம் நீரைத் தலையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். தையலின் வழியே கசிந்தால், ஊர் திரும்பும் முன்னரே கடைக்குத் திருப்பிவிடலாம். தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் வைத்தால் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். நிழலில் தொங்கவிட்டு உலர்த்துக.

பருத்திக் காற்சட்டை நீரைக் குடித்துக் கனக்கும். செயற்கை இழையே தக்கது. அதன் கால்முனையை நீண்ட காலுறைக்குள் செருகிவிட்டால் அட்டைக்கு வழி குறையும்.

ஊன்றுகோலில் கரியிழைக் கோல் மிக இலேசானது. ஆனால் பாறையிடுக்கில் அகப்பட்டால் முறியும். அலுமினியம் சற்றுக் கனம். பெரும்பாலும் வளையுமேயன்றி முறியாது. வளைந்த கோலை ஊன்றியும் வீடு வந்து சேரலாம் என்பதால் நம் தேர்வு அலுமினியமே. திருகிப் பூட்டும் வகையில் மணலும் உப்பும் புகுந்தால் பிடி நழுவும்; நெம்பிப் பூட்டும் வகை நம்பத்தக்கது. திரும்பியதும் பகுதிகளைக் கழற்றி நன்னீரில் கழுவ வேண்டும். முழங்கை நேர்கோணமாக மடங்கும் அளவே சரியான உயரம். ஏற்றத்தில் சிறிது குறைத்தும் இறக்கத்தில் சிறிது கூட்டியும் கொள்க. இறக்கத்தில்தான் முழங்காலுக்கு உண்மையான உதவி கிடைக்கிறது. ஓடையைக் கடக்கும்போது மணிக்கட்டு வாரைக் கழற்றிவிட வேண்டும். கோல் சிக்கினால் ஆளையும் இழுத்துவிடும். அலையாத்திக் காட்டுக் கால்வாய்களில் இறங்கவே கூடாது. அங்கே முதலை உண்டு.

இவ்வளவுக்குப் பணமில்லை எனில் புழக்கடை மூங்கில் போதும். தோளுயரத்தில் நறுக்கி, கணுக்களைச் செதுக்கி, அடியில் ரப்பர்ப் பூண் மாட்டிக்கொள்ளலாம். மூங்கில் நம் வேலிக்குள் வளர்ந்ததாக இருக்கட்டும். காட்டில் வெட்டினால் அதற்கும் வனத்துறைக்குப் பதில் சொல்ல நேரும்.