ரப்பர் பொம்மை என்று சிரித்தவர்களுக்கு

கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே எங்கள் செட்டுக்கு ஓர் இளக்காரம். போன ஞாயிறு அரநாயக்கவில் நண்பன் வீட்டில் 1954இல் வந்த ஜப்பானியப் படம் ‘கொட்ஜிரா’வைப் போட்டோம். கொட்ஸில்லாவைத் தெரியாத ஆளில்லை. ஆனால் அதன் முதல் படத்தை எங்களில் ஒருத்தரும் அதுவரை பார்த்ததில்லை. ராட்சசன் வந்ததுமே சிரிப்புத் தொடங்கிவிட்டது. “மச்சான், உள்ளுக்கு ஆள் நிக்கிறான்டா, ரப்பர் உடுப்பு!”

ஆமாம், ரப்பர் உடுப்புத்தான். உள்ளே நின்றவர் ஹருவோ நக்கஜிமா. அந்தப் பாரத்தையும் சூட்டையும் தாங்கி நடந்திருக்கிறார் மனிதர். ரப்பர் பால் வெட்டிச் சோறு தின்கிற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ரப்பரைக் கண்டால் ஏன் இந்தச் சிரிப்போ!

சிரிக்காதவர் நண்பனின் அம்மா மட்டும்தான். ராட்சசன் முதன்முதலில் முகம் காட்டுவது டோக்கியோவில் இல்லை. ஒரு தீவுக் கிராமத்தில், மலைக்குப் பின்னாலிருந்து தலை எழும்புகிறது. மேலே ஏறிய சனம் அலறிக்கொண்டு கீழே ஓடுகிறது. அம்மா ஒன்றுதான் கேட்டார்: “மலப்பக்கமிருந்தா வருது?”

அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. 2016 மே 17, சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களை மூடியது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது.

இந்தப் படமும் சும்மா கற்பனையில் வந்ததில்லை. 1954 மார்ச் 1, பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்த 23 பேர் மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. செப்டெம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பரில் படம் திரைக்கு வந்துவிட்டது! ஒரு படகு வெளிச்சத்தில் எரிந்து மூழ்குவதோடுதான் கதையே தொடங்குகிறது. ராட்சசனை எழுப்பியது குண்டு என்று இயக்குநர் இஷிரோ ஹொண்டா ஒளிக்காமல் சொல்கிறார்.

எனக்கு ராட்சசனைவிடப் பயம் தந்தது பாராளுமன்றக் காட்சிதான். உண்மையைச் சொன்னால் சனம் பதறும், வெளிநாட்டு உறவு கெடும், மூடி வைப்போம் என்கிறார் ஓர் உறுப்பினர். பெண்கள் எழும்பிக் கத்துகிறார்கள், சொல்லியே ஆகவேண்டும் என்று.

நாங்கள் என்ன செய்கிறோம்? ‘இயற்கை அனர்த்தம்’ என்று ஒரு சொல்லைப் போட்டு எல்லாத்தையும் மூடிவிடுகிறோம். மழையை யாரும் வரவழைக்கவில்லை, சரி. சரிவுக்குக் கீழே லயத்தைக் கட்டியதும் மழையா? ஏழு பேர்ச் காணி கேட்டவர்களை அங்கேயே இருத்தி வைத்ததும் மழையா? 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்பது முன்கூட்டியே தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் சனம் அங்கேயேதான் படுத்தது.

இதைச் சொன்னால், “படத்தைப் படமா பாரு மச்சான்” என்கிறார்கள். படமாகத்தான் பார்த்தேன். உடுப்பை மட்டும் பார்த்தவர்கள் நீங்கள்.

வாற ஞாயிறு மறுபடி போடுகிறோம். அமெரிக்காக்காரன் 1956இல் அணுகுண்டுப் பேச்சில் பாதியை வெட்டி, ரேமண்ட் பர்ரை நடிக்க வைத்து ஒட்டுப்போட்ட பதிப்பை அல்ல, ஜப்பானிய மூலத்தை. அம்மாவும் வருவார்.