கால்வாய்ப் படகின் அளவைத் தேடி

ஓய்வு வேளையில் இல்லத்தில் அமர்ந்து மாதிரிப் படகு செய்ய விரும்புவோர் முதற்கண் தேட வேண்டியது மரத்தையோ பசையையோ அன்று, வரைபடத்தையே. பாய்மரக் கப்பல்களுக்கும் போர்க்கப்பல்களுக்கும் வரைபடம் பெறுவது அத்துணை அரிதன்று. ஆனால் இங்கிலாந்தின் கால்வாய்களில் நிலக்கரியும் களிமண்ணும் தானியமும் சுமந்து சென்ற ஒடுக்கமான படகுகளுக்கு வரைபடம் தேடுவோர் விரைவில் ஒரு தடையைக் காண்பர். மரத்தால் அப்படகுகளைக் கட்டிய தச்சர்களில் பெரும்பாலோர் வரைபடம் வரையும் வழக்கமே இல்லாதவர்கள். ஆயின் அளவுகளை எங்கே பெறுவது? இத்திங்கள் இதனைச் சற்று ஆராய்வோம்.

படகின் உருவை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வோம். நீளம் ஏறக்குறைய 70 அடி. அகலமோ சுமார் 7 அடிதான். இவ்விந்தையான வடிவத்தை வகுத்தது தச்சரின் விருப்பமன்று, கால்வாயே. நிலம் உயரும் இடங்களில், இரு முனையிலும் கதவுகள் உடைய தொட்டி ஒன்றில் படகை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ அதனை ஏற்றி இறக்குவர். இத்தொட்டிக்கு ‘லாக்’ என்று பெயர். 1766இல் தொடங்கி 1777இல் முடிவுற்ற டிரென்ட்–மெர்சி கால்வாயில், பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி இத்தொட்டிகளுக்கு 7 அடியைச் சிறிதே மிஞ்சும் அகலத்தை வகுத்தார். தொட்டி சிறிதானால் நீரும் மிச்சம், பணமும் மிச்சம். நாட்டின் நடுப்பகுதியில் பின்னர் வெட்டப்பட்ட கால்வாய்கள் பலவும் அவ்வளவையே பின்பற்றின. தொட்டியில் நுழையாத படகால் பயனில்லை அன்றோ? ஆகவே நீள அகலங்களில் ஐயத்துக்கு இடமில்லை.

ஐயம் எழுவது முன்முனையின் வளைவிலும் பின்முனையின் ஒடுக்கத்திலும்தான். ஓக் மரப் பலகைகளை நீராவியில் இளக்கி வளைத்து, தந்தையிடம் மகன் கற்ற கைப்பழக்கத்தாலும் கண்ணளவாலும் தச்சர்கள் அவற்றை அமைத்தனர். தொழில் மறைந்தபோது அக்கண்ணளவும் மறைந்தது. எனினும் படகை அளந்து குறித்து வைத்தவர்கள் வேறு இருவர் உண்டு. ஒருவர் சுங்கம் வாங்கியவர்; மற்றவர் சுகாதார அதிகாரி.

சரக்கின் எடைக்கேற்பக் கால்வாய் நிறுவனங்கள் சுங்கம் வாங்கின. ஏற்றிய படகை எவ்வாறு நிறுப்பது? புதுப் படகு ஒன்றில் அளவறிந்த எடைகளை டன் டன்னாக ஏற்றி, ஒவ்வொரு டன்னுக்கும் அது நீரில் எத்துணை ஆழ்கிறது என்பதை முன்கூட்டியே அளந்து பதிந்து வைத்தனர். பின்னர்ச் சுங்கச் சாவடியில் நீருக்கு மேல் தெரியும் விளிம்பின் உயரத்தை அளந்தாலே எடை தெரிந்துவிடும். படகின் பெயர், உரிமையாளர், நீளம், அகலம் ஆகியனவும் அப்பதிவேடுகளில் உண்டு. அன்று காசுக்காகக் குறித்த கணக்கு இன்று மாதிரி செய்வோருக்குச் செல்வமாயிற்று.

சுகாதார அதிகாரியின் பதிவேடோ நெஞ்சைத் தொடுவது. இருப்புப்பாதை வந்தபின் போட்டியால் படகுக் கூலி வீழ்ந்தது. கரையில் வீட்டு வாடகையும் கொடுத்து, துணையாளுக்குக் கூலியும் கொடுக்க இயலாத படகோட்டிகள் பலர், மனைவி மக்களைப் படகிலேயே குடியேற்றினர். பின்முனையில் சுமார் 10 அடி நீளமுள்ள சிற்றறையே வீடு. நுழைந்ததும் இடப்புறம் அடுப்பு. அடுத்து, கதவை மடக்கிச் சாய்த்தால் மேசையாகும் அலமாரி. அதற்கப்பால் இரவில் மட்டும் குறுக்கே விரிக்கும் கட்டில். வலப்புறம் ஒரு பலகை இருக்கை. தாய் சமைத்ததும், குழந்தைகள் பிறந்ததும், நோயுற்றோர் கிடந்ததும் அங்கேதான்.

கோல்வில் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பார் இவர்களது நிலையை 1875இல் நூலாக எழுதி, ஓயாது வாதாடினார். அவர் சற்று மிகைப்படுத்தினார் என்று கூறுவாரும் உளர். எனினும் அவரது முயற்சியால் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. 1884இல் அது வலுவாக்கப்பட்டது. குடியிருக்கும் படகுகள் யாவும் பதியப்பட்டன. 12 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 60 கன அடி, அதற்குக் குறைந்த வயதுடைய குழந்தைக்கு 40 கன அடி காற்றிடம் வேண்டும் என விதி எழுந்தது. அறையை அளந்து, அதில் எத்தனை பேர் வாழலாம் என்பதையும் அதிகாரிகள் பதிந்தனர்.

60 கன அடி என்பது எத்துணை? நீளம் 5 அடி, அகலம் 4 அடி, உயரம் 3 அடி கொண்ட பெட்டி. வளர்ந்த மனிதர் ஒருவருக்குச் சட்டம் கேட்ட குறைந்த அளவு அவ்வளவே! ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்னும் விகிதத்தில் மாதிரி செய்தால், அது 5 அங்குலம், 4 அங்குலம், 3 அங்குலம் உள்ள சிறு பெட்டியாகும். கணவன், மனைவி, சிறு குழந்தைகள் இருவர் என நால்வருக்கு 200 கன அங்குலம். இக்கணக்கை வீட்டுச் சிறுவர்களைக் கொண்டே போட்டுப் பார்க்கச் செய்யுங்கள்; புத்தகம் பல படித்தும் விளங்காதது கையில் விளங்கும்.

இனி, தேடும் முறை. ‘கால்வாய்ப் படகு’ என்று பொதுவாகத் தேடாமல், ஒரு குறிப்பிட்ட படகையும் அது ஓடிய காலத்தையும் முதலில் தேர்ந்துகொள்க. குதிரை இழுத்த படகும், இயந்திரப் படகும், அதன் பின்னே இழுபட்டு வந்த துணைப் படகும் பின்முனையில் வேறுபடுவன. 1930களில் கிராண்ட் யூனியன் சரக்கு நிறுவனம் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப், யார்வுட் போன்ற பெரிய பட்டறைகளில் கட்டுவித்த உலோகப் படகுகளைத் தேர்ந்தால் வேலை எளிது. ஒரே மாதிரியாகப் பல கட்டப்பட்டமையால் அவற்றைப் பற்றிய குறிப்புகள் மிகுதி. மரப் படகுகளுக்கு, எஞ்சியவற்றைப் பிற்காலத்து ஆர்வலர்கள் அளந்து வரைந்த படங்களே துணை. எல்ஸ்மியர் போர்ட்டில் 1976இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் படகுகளும் உண்டு, ஆவணங்களும் உண்டு.

விகிதத்தையும் முன்னரே முடிவு செய்க. அடிக்கு அரை அங்குலம் எனில் 70 அடிப் படகு 35 அங்குலம் ஆகும். கால் அங்குலம் எனில் பதினேழரை அங்குலம். முன்னது அறையின் உள்ளமைப்பைச் செய்ய இடந்தரும். பின்னது அலமாரியில் அடங்கும். படத்தை நகலெடுக்கும்போது தாள் சற்றே சுருங்கவோ விரியவோ கூடும். ஆகவே படத்தின் ஓரத்திலுள்ள அளவுகோலை நும் அடிக்கோலோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மரத்தில் கத்தியை வைக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. மாதிரி செய்வோர் பலர் அறையை ஒரு முழு மரக்கட்டையாகச் செதுக்கி, மேலே ரோஜா மலர்களும் கோட்டைகளும் தீட்டி முடித்துவிடுகின்றனர். ஓவியம் அழகுதான்; படகு மக்கள் தம் சிறு வீட்டைப் போற்றிய விதம் அது. ஆனால் கட்டைக்குள் எவரும் வாழ முடியாது. அறையைக் குடைந்து, அடுப்பையும் மடக்கு மேசையையும் குறுக்குக் கட்டிலையும் அளவுப்படி அமைப்பீராக. அப்படகோட்டிகளில் எழுதப் படிக்கத் தெரியாதோர் மிகப் பலர். தம் வாழ்வைத் தாமே எழுதி வைத்தவர் மிகச் சிலரே. அவர்கள் வாழ்ந்த இடத்தின் அளவையேனும் பிழையின்றிக் காப்பது நம் கைகளால் இயலும்.